ஒரு பாகம் கயிறு

தூத்துக்குடி
சனிக்கிழமை மதியம்

அன்பு மகள் ஈவாஞ்சலினுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், மழை தொடங்கிய நாளிலிருந்து அப்பாவுக்கு முழங்காலில் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது, தைலம் தேய்த்தால் கேட்கிறது. நீயும் ஷாம் மாப்பிள்ளையும் பாப்பாவும் அந்த டப்ளின் குளிரில் சளி தும்மல் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் என் காலை ஜெபமும் மாலை ஜெபமும். நீ அனுப்பிய வீடியோவில் பாப்பா சோபாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்ப்பதை அப்பா பத்துத் தடவையாவது பார்த்திருப்பார். தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ படிப்பதற்கு முன்னால் அவர் படித்துவிடுகிறார். இதை முதலில் நீதான் தெரிந்துகொள்ளவேண்டும். அவர் சர்ச் சேகரக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார், அங்கே போனால் மூன்று மணி நேரமாவது ஆகும், அதற்குள் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடவேண்டும். நாசரேத் போர்டிங் பள்ளியில் படித்தபோது விளக்கை அணைத்த பிறகு போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு வார்டனுக்குத் தெரியாமல் வீட்டுக்குக் கடிதம் எழுதுவேன். அதே பயம் இந்த ஐம்பத்தோரு வயதிலும் வருகிறது, தெருவில் யார் வண்டி நின்றாலும் பேனாவும் நின்றுவிடுகிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த மாதக் கடைசியில் எங்கள் இரண்டு பேருக்கும் ஜனவரிக்கு டிக்கெட் போடுவதாகச் சொன்னாய் அல்லவா, அதைப் போட்டுவிடாதே. ஜனவரியில் உனக்கு லீவு முடிகிறது, நீ ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பினால் பாப்பாவை யார் பார்ப்பது என்பது எனக்குத் தெரியாததில்லை. நான் வந்து ஆறு மாதம் இருப்பதாக வாக்குக் கொடுத்ததும் மறக்கவில்லை. ஆனால் இந்த ஒரு வாரத்தில் இங்கே ஒன்று நடந்துவிட்டது, அதை முதலிலிருந்து சொல்கிறேன், கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படு. கடற்கரைப் பக்கம் இருக்கிற அந்தச் சின்னத் தொடக்கப்பள்ளியை நீ பார்த்திருப்பாய், ஐந்து வகுப்புக்கும் சேர்த்து நாற்பத்திரண்டு பிள்ளைகள், இரண்டே டீச்சர். அதில் ஒருவர் பிரசவ விடுப்பில் போய்விட்டார். பதிலுக்கு வந்தவர்கள் ஜூனிலிருந்து மூன்று பேர், மூன்று பேரும் வேறு இடம் கிடைத்ததும் போய்விட்டார்கள். தலைமையாசிரியை முத்துமணி டீச்சர் ஒற்றை ஆளாக அல்லாடிக்கொண்டிருந்தார்கள். நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவள் என்று யாரோ சொல்லி, வீடு தேடி வந்து, ஒரு வாரம் இரண்டாம் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழு கூடும், ஏப்ரல் வரைக்கும் யாரைப் போடுவது என்று அன்றைக்கு முடிவு செய்வோம் என்றார்கள். நீ பிறப்பதற்கு முன்னாலேயே பயிற்சி முடித்தவள் நான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் புதுப்பித்து, ஒரு கடிதம்கூட வராமல் அந்த அட்டை பைபிளுக்குள் கிடந்து மஞ்சளாகிப்போனது உனக்குத் தெரியும். ஒரு வாரம்தானே என்று சரி சொல்லிவிட்டேன். அப்பாவிடம் துணைக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். திங்கள்கிழமை காலையில் நான் பையை மாட்டியதும், "ஏளா, இந்த வயசுல பள்ளிக்கூடப் பையத் தூக்கிட்டுக் கெளம்பிட்ட, டிபன் பாக்ஸ் கெட்டித் தரவா?" என்று கிண்டல். உண்மையிலேயே கட்டித் தந்தார், இட்லியும் மிளகாய்ப் பொடியும்.

திங்கள்கிழமை முதல் நாள் ஈவா. கரும்பலகையில் தேதி எழுதுவதற்குள் இரண்டு சாக்பீஸ் ஒடிந்தது. பின்னால் பதினேழு பிள்ளைகள், மூச்சுக் காட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்பில் சகாய ஜென்சி என்று ஒருத்தி இருக்கிறாள், எலும்பும் தோலுமாக, கண் மட்டும் உருட்டி உருட்டிப் பார்ப்பாள், ஜேசுபாதம் என்கிற படகுக்காரரின் மகள். அவள் எழுந்து, "டீச்சர், நீங்க எத்தன நாளைக்கு வந்திருக்கிய?" என்று கேட்டாள். ஒரு வாரம் என்றேன். உடனே திரும்பி, "ஏலே, ஒரு வாரமாம்" என்று பின்பெஞ்சுக்குச் சொன்னாள், அங்கே ஒருவன் விரல் விட்டு எண்ணினான். போன டீச்சர் எத்தனை நாள் இருந்தார்கள், அதற்கு முன்னால் இருந்தவர்கள் எத்தனை நாள் என்று பிள்ளைகள் ஒரு கணக்கே வைத்திருக்கிறார்கள். எனக்கு அது சுருக்கென்றது. அன்றைக்கு ஒன்றும் ஒழுங்காக நடக்கவில்லை. கதை சொன்னேன், பாதியில் எனக்கே மறந்தது. கழித்தலில் கடன் வாங்கச் சொல்லிக் கொடுத்தேன், பாதிப் பேர் வாங்கினார்கள், வாங்கிய இடத்தில் குறைக்க யாருக்கும் தோன்றவில்லை. வேல்விழி என்று உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளை, இரண்டாம் வகுப்பு, எழுத்தெல்லாம் தெரியும், ஆனால் சேர்த்து வாசிக்க வாயே திறக்கமாட்டாள். சாயங்காலம் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்து சுக்குக் காப்பி குடித்தேன். அப்பா பரணிலிருந்து பெரிய சூட்கேசை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். டப்ளினுக்கு எடுத்து வைக்க வேண்டியது என்று ஒரு பட்டியலும் போட்டிருக்கிறார், அதில் முதலில் இருப்பது குரங்குக் குல்லா.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் வகுப்புக்கு நீளம் அளக்கிற பாடம். சாணால் அள, முழத்தால் அள, காலடியால் அள, பிறகு மீட்டர் என்று போகும். பிள்ளைகளை விட்டு பெஞ்சைச் சாணால் அளக்கச் சொன்னேன். ஒருத்திக்குப் பதினொன்று, ஒருவனுக்கு ஒன்பதரை, வகுப்பே ஒரே கூச்சல், எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. அப்போது பின்பெஞ்சுக்காரன், "டீச்சர், எங்க வீட்ல சாணெல்லாம் கெடையாது, பாகந்தான்" என்றான். இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனிவரை ஒரு பாகம். வலைக்கயிறும் கடல் ஆழமும் அவர்களுக்குப் பாகத்தில்தான். நான் நாசரேத்துப் பக்கத்துக் கிராமத்துக்காரி, எனக்குக் கயிறு என்றால் கிணற்றுக் கயிறும் மாட்டுக் கயிறும்தான் தெரியும். இவர்கள் வீட்டிலிருந்தே பாடம் வருகிறதே என்று நினைத்து, நாளைக்கு வரும்போது எல்லாரும் அவரவர் அப்பாவின் ஒரு பாகம் அளவுக்குக் கயிறு கொண்டு வாருங்கள், இந்த அறையை அளப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பயிற்சி முடித்து இருபத்தெட்டு வருடம் கழித்துக் கிடைத்த வகுப்பில் நான் செய்த முட்டாள்தனம் அதுதான். புதன்கிழமை கனமழை, விடுமுறை அறிவித்துவிட்டார்கள். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றி, கடலுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால் படகுக்காரர்கள் எல்லாரும் வீட்டில். பிள்ளைகளுக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தது.

வியாழக்கிழமை பதினோரு பேர் கயிறு கொண்டுவந்தார்கள். பச்சை, நீலம், ஆரஞ்சு, எல்லாம் பளபளவென்று புதிது. வேல்விழி வீட்டில் துணி காயப்போடும் கொடிக்கயிறு. அறையை அளந்தோம். ஒரு கயிற்றுக்கு அறை நாலு பாகம், ஒரு கயிற்றுக்கு நாலரை, வேல்விழியின் கயிற்றுக்கு ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் அப்பா கைதான் சரி, உன் அப்பா குள்ளம் என்று சண்டை. அப்படியானால் வலைக்கயிறு அளக்கும்போது உங்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். ஜென்சி எழுந்து, "டீச்சர், எங்க அப்பா அளக்க ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் அப்பாதான் அளக்கணும். நடுவுல சித்தப்பா வந்து கைய வச்சா வல ஒரு பக்கமா இழுத்துக்கிடும். அப்பாக்குக் காய்ச்சல் வந்தாக்கூட அந்தக் கயித்த யாரும் தொடமாட்டாவ, அப்பா எந்திரிக்கிற வரைக்கும் அப்பிடியே கெடக்கும்" என்றாள். மீட்டர் எதற்கு வந்தது என்று நான் பத்து நிமிடம் விளக்கத் தயாராக வைத்திருந்ததை அந்தப் பிள்ளை ஒரு மூச்சில் சொல்லிவிட்டது. ஆள் மாறினால் அளவு மாறும், ஆள் மாறினாலும் மாறாத ஒரு அளவு வேண்டும். மீட்டர் அளவுகோலை எடுத்து மேசையில் வைத்தேன், வைத்த உடனே வராந்தாவில் செருப்புச் சத்தம்.

ஐந்து ஆண்கள். முன்னால் ஜேசுபாதம், கையில் இரண்டு துண்டாகக் கயிறு. கடல் அடைத்ததால் வீட்டில் உட்கார்ந்து புதுக் கயிற்றை வலைக்குப் பூட்டலாம் என்று எடுத்திருக்கிறார், பார்த்தால் சுருளுக்கு நடுவில் ஒரு பாகத்தைக் காணோம். நுனியில் ஏன் வெட்டவில்லை என்று ஜென்சியிடம் கேட்டதற்கு, நுனியில் அப்பா முடிச்சுப் போட்டு வைத்திருந்தார், அதைக் கெடுத்தால் அடிப்பார், அதனால்தான் நடுவில் வெட்டினேன் என்கிறது. மற்ற நாலு பேர் வீட்டிலும் இதே கதைதான். "என்ன டீச்சர், இப்பிடிப் பண்ணிட்டிய? நீங்க படிச்சவியதான? கயித்த ஒட்டுப் போட்டா அந்த எடத்துலதான் மொதல்ல அறும், நடுக்கடல்ல அத யாரு பிடிப்பா, ஒங்க புள்ளையளா?" என்று ஜேசுபாதம் சத்தம் போட்டார். முத்துமணி டீச்சர் ஓடிவந்து, தவறு என்னுடையது, நான்தான் பார்த்திருக்கவேண்டும் என்று என்னை மறைத்துக்கொண்டு நின்றார்கள். பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் பதினேழு பிள்ளைகளும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இந்த டீச்சரும் இன்றோடு போய்விடுவார்கள் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முன்னால் போய், அண்ணாச்சி, கொண்டுவரச் சொன்னது நான், வெட்டாமல் கொண்டுவரச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போனது, பிள்ளையை அடிக்காதீர்கள், வந்ததுதான் வந்தீர்கள், உள்ளே வந்து ஒருமுறை கையை விரித்துக் காட்டிவிட்டுப் போங்கள், பாடம் பாதியில் நிற்கிறது என்றேன். எனக்கே என் குரல் யாரோ பேசுவதுபோல இருந்தது. அவர் முறைத்தார். கூட வந்தவர்களில் ஒருவர், "ஏலே ஜேசு, ஒன் பாகந்தான் ஊர்லயே பெருசும்பியே, போய்க் காட்டுலே, பாப்பம்" என்று தூண்டிவிட, இன்னொருவர், "பெருசுதான், பிடிச்ச மீன் எம்புட்டு நீளம்னு கைய விரிச்சுக் காட்டும்போது" என்று சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஜேசுபாதம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சுவரோடு சுவராகக் கையை விரித்து நின்றார். ஜென்சி பெஞ்சின் மேல் ஏறி அளவுகோலை வைத்து வைத்து நகர்த்தி, ஒரு மீட்டர் எழுபத்து நாலு சென்டிமீட்டர் என்று தானே வாசித்துக் கரும்பலகையில் எழுதினாள். மற்ற நாலு பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். ஒரு மீட்டர் அறுபத்தெட்டு, அறுபத்தைந்து, எழுபத்தொன்று. பின்பெஞ்சுக்காரனின் அப்பாதான் கடைசி, ஒரு மீட்டர் அறுபத்திரண்டு, அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. சத்தம் கேட்டு நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் வாசலில் வந்து நின்றுவிட்டது. வேல்விழி எல்லா எண்களையும் விரல் வைத்து மெதுவாகச் சத்தமாக வாசித்தாள். அது எழுத்து வாசிப்பது ஆகாது என்று யாராவது சொல்லட்டும், எனக்கு அது போதும். போகும்போது ஜேசுபாதம், கயிறு கயிறுதான் டீச்சர், அது இனி ஒட்டாது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் சமாதானம் ஆகவில்லை, என்னாலும் ஆக்கமுடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நான் அதிகம் பேசவில்லை, கரும்பலகையில் பிள்ளைகள் பெயரையே எழுதி, அதிலிருந்து எழுத்து எடுத்து வேறு சொல் உண்டாக்கச் சொன்னேன். கழித்தலில் இப்போது ஐந்து பேரைத் தவிர எல்லாரும் வாங்கிய இடத்தில் குறைக்கிறார்கள். மூன்றரை மணிக்குக் குழு கூடியது. தலைவர் பேச்சிச்செல்வி, ஒரு பிள்ளையின் அம்மா, மீன் ஏலக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஓட்டப்பிடாரத்திலிருந்து ஒரு பெண்ணும் கேட்டு வந்திருந்தாள், இருபத்தைந்து வயதிருக்கும், நன்றாகப் பேசினாள், என்னைவிட நன்றாகவே படித்திருக்கிறாள், இரண்டு பஸ் மாறி வருவேன் என்றாள். அவளைப் பார்த்தபோது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது, அவளுக்கே கிடைத்தாலும் வருத்தப்படக்கூடாது என்று நினைத்தேன், ஆனால் நினைக்க மட்டும்தான் முடிந்தது. அரசுத் தேர்வு முடிவு வந்தால் போய்விடுவாயா என்று கேட்டதற்கு அந்தப் பெண் மறைக்காமல், ஆமாம், போய்விடுவேன் என்றாள். கயிறு வெட்டிய கதையைக் குழுவில் ஒருத்தி எடுத்தாள், அனுபவம் இல்லாதவர்களைப் போட்டால் இப்படித்தான் என்றாள். பின்னால் நின்ற ஜேசுபாதம் வாயைத் திறந்தார். "புதுசா ஒரு டீச்சர் வந்து, அவிய ஒரு பாடம் நடத்தி, எங்க கயித்த இன்னொருக்கா வெட்டச் சொல்லுததுக்கு, வெட்டி முடிச்ச டீச்சரே இருந்துட்டுப் போட்டும்" என்றார். கூட்டமே சிரித்தது, அவர் மட்டும் சிரிக்கவில்லை. பேச்சிச்செல்வி சிரித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ஒங்க மவ வெளிநாட்ல இருக்கான்னு சொன்னாவ. நடுவுல பேரப்புள்ளையப் பாக்கப் போறேன்னு கெளம்பிர மாட்டியளே டீச்சர்? எங்க புள்ளையளுக்கு இந்த வருசம் இது நாலாவது ஆளு" என்று நேராகக் கேட்டாள். முத்துமணி டீச்சர், அவசரமில்லை, வீட்டில் கேட்டுவிட்டுத் திங்கள்கிழமை சொல்லுங்கள் என்றார்கள். எனக்கு உன் முகம் கண்முன் வந்தது, சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பாப்பா வந்தது, அப்பா துடைத்து வைத்த சூட்கேஸ் வந்தது. ஏப்ரல் கடைசி நாள் வரைக்கும் இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய விஷயத்தில் யாரையும் கேட்காமல் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வரும்போதுதான் தெரிந்தது, கால் தானாக வேகமாக நடந்தது.

இப்போது நீ கோபப்படலாம். ஊரான் பிள்ளைகளுக்காகச் சொந்தப் பேத்தியை விட்டுவிட்டாளே என்று அப்பா சொல்லப்போகிறார், நீயும் சொன்னால் அதையும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் மனதை மாற்றச் சொல்லாதே ஈவா, நான் மாறமாட்டேன். பள்ளி மூடியதும் மே மாதம் முதல் வாரத்துக்கு எங்களுக்கு டிக்கெட் போடு, ஜூன் முதல் வாரம் வரை இருக்கிறேன். ஜனவரிக்கு வழி இருக்கிறது, அதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன். சாத்தான்குளத்தில் உன் மாமியார் எட்டு மாதமாகப் பாஸ்போர்ட்டைப் பீரோ மேலேயே வைத்துக்கொண்டு எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறார்கள். முதலில் என் மகளுக்கு நான்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்து அவர்களை நிறுத்தி வைத்தது நான்தான், அது உனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அவர்கள் கையில் சமையல் ருசியாக இருக்கும், பாப்பாவுக்குக் கஞ்சியில் நெய் அள்ளி ஊற்றுவார்கள், அதற்கு மட்டும் பக்குவமாகச் சொல்லிவை. பாப்பா முதல் அடி வைக்கும்போது எதிரில் உட்கார்ந்து கையை நீட்டுவது அவர்களாகத்தான் இருக்கும். அதை எழுதுவதற்குள் பேனாவை இரண்டு தடவை மூடி வைத்தேன், ஆனாலும் எழுதிவிட்டேன் பார். நீ ராத்திரி வேலைக்குப் போகும்போது காதை மூடிக் கட்டிக்கொண்டு போ, நின்றுகொண்டே சாப்பிடாதே, ஷாம் மாப்பிள்ளையிடமும் பாத்திரம் கழுவுகிற வேலையைக் கொஞ்சம் கொடு. கடிதம் கிடைத்தது என்று நீ போனில் சொன்ன அன்றைக்கே அப்பாவிடம் நானே சொல்லிவிடுவேன், உனக்குப் போன் செய்து அழுதாலும் அழுவார். அம்மாவிடம் நான் பேசிப் பார்க்கிறேன் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் என் தங்கத்தையும் தம்முடைய சிறகின் கீழ் வைத்துக் காப்பாராக, உன் கை தொடுகிற நோயாளிகள் எல்லாம் எழுந்து வீட்டுக்குப் போவார்களாக. மறக்காமல் உன் மாமியாருக்கு நீயே போன் செய். அம்மா விட்டுக்கொடுத்தாள் என்று சொல்லாதே. அத்தை, எனக்கு நீங்கள்தான் வரவேண்டும் என்று சொல்.

உன் அம்மா,
தேவகனி